நொண்டிக் கோடு

13 ஜனவரி 1946, ஞாயிறு
மாஹிம், பம்பாய்

காலையில் ரேஷன் அரிசி பொறுக்கினேன். சுளகின் ஓரத்தில் சேர்ந்த கல்லைக் கொண்டு ஒரு சின்னச் சுவர் எழுப்பலாம். ஹெப்சிபா மடியில் இருந்தபடியே ஒரு கல்லை எடுத்து வாயில் போடப் பார்த்தாள். ஏழு மாதக் குழந்தைக்கு இந்த எடை போதாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, அவள் எதை வாய்க்குக் கொண்டுபோனாலும் எனக்கு முதலில் சந்தோஷம் வருகிறது. பயம் அதற்குப் பிறகுதான்.

இன்று அவர் வந்தார். 'கரைக்கு' வந்தார் என்று சொல்லவேண்டும். என் கணவர் ஏசுவடியானுக்குக் கப்பற்படையில் தந்தி அடிக்கும் வேலை. ஆனால் அவருடைய கப்பல் மிதக்காது. கொலாபாவில் கல்லால் கட்டிய பள்ளிக்கூடம் அது. கப்பல் என்றுதான் பெயர். தரையைத் தளம் என்று சொல்லவேண்டும். வாசலைத் தாண்டுவதற்குக் 'கரைக்குப் போக' அனுமதி கேட்கவேண்டும். கேட்காமல் தாண்டினால் கப்பலைவிட்டு ஓடிய குற்றம். இத்தனையையும் வெள்ளைக்காரன் சிரிக்காமல் செய்கிறான்.

கூடவே மாசிலாமணியும் சாப்பிட வந்தான். வியாசர்பாடிப் பையன். தந்தி தெரியாது, கயிறு, கொடி, பெயின்ட் இதெல்லாம் அவன் பாடு.

"இன்னா அண்ணி, கல்லை எல்லாம் பொறுக்கிட்டீங்களே, அப்பறம் சோத்துல இன்னா ருசி கீது? எங்க கப்பல்ல பருப்புல கல்லு கெடையாது. கல்லுலதான் கொஞ்சூண்டு பருப்பு."

"பேசாம சாப்பிடுல," என்றார் அவர்.

"அண்ணாத்தே சல்யூட் வெக்கலைன்னு போன வாரம் எனக்குத் தண்டனை, தெரியுமா அண்ணி? வெயில்ல துப்பாக்கியத் தலைக்கு மேல தூக்கிக்கினு ஓடினேன். நான் இல்ல சார்னா, நீ இல்லாங்காட்டி உன் அண்ணன்றான் அந்த ஆபீசர் பார்க்கின். அவனுக்கு நம்ம மூஞ்சி எல்லாம் ஒரே மூஞ்சி."

அவர் தென்னை மாதிரி. மாசிலாமணி உரல் மாதிரி, முகமெல்லாம் அம்மைத் தழும்பு. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கத் தனிக் கண் வேண்டும்.

சாப்பிட்ட பிறகு அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முதுகில் விரலால் தட்டினார். தந்தி மொழியில் அவள் பெயர். ஹெப்சி என்ற பெயர் முழுக்கப் புள்ளிதான். நடுவில் இரண்டே இரண்டு கோடு. அந்தக் கோடு வரும்போது அவருடைய நடுவிரல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு, பிறகு துள்ளி எழும்புகிறது. செப்டம்பரில் கதவில் நசுங்கிய விரல். கதவில் நசுங்கியது என்று மட்டும்தான் என்னிடம் சொல்லியிருந்தார். மீதியை இன்று மாசிலாமணி சொன்னான். லெப்டினன்ட் பார்க்கின் உள்ளே வந்தபோது இவர் எழுந்து நிற்கக் கொஞ்சம் தாமதமாம். காதில் ஹெட்போன்; செய்தி பாதியில். பார்க்கின் வெளியே போகும்போது, நிலைப்படியில் இவர் கை இருப்பதைப் பார்த்துக்கொண்டே இரும்புக் கதவைச் சாத்தினாராம்.

"அண்ணாத்தே அடிச்சா நொண்டிக் கோடுன்னு சிரிப்பானுங்க அண்ணி."

அவரும் சிரித்தார். "ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கை உண்டுட்டி, கையெழுத்து மாதிரி. கராச்சியில உக்காந்து அடிக்கவன் யாருன்னு நாலு எழுத்துல சொல்லிருவேன். என்னையும் அப்படித்தான் சொல்லுவானுவ. என்ன, மத்தவனுக்குக் கை தானா வந்தது. எனக்குப் பார்க்கின் போட்டுக் குடுத்தது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏப்ரலில் அவருக்குப் படையிலிருந்து விடுதலை. தூத்துக்குடியில் ஒரு தந்தி வேலைக்கு என் அப்பா சொல்லி வைத்திருக்கிறார். கப்பற்படையின் நன்னடத்தைச் சான்று இருந்தால் வேலை. இல்லாவிட்டால் இல்லை. அதுவரை வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.


20 ஜனவரி

ஹெப்சிக்கு இரண்டாவது பல். என் விரலைக் கொடுத்துப் பார்த்தேன். நன்றாகவே கடிக்கிறாள்.


3 பிப்ரவரி, ஞாயிறு

கொலாபாவில் பெரிய அதிகாரி பார்வையிட வருவதாக இருந்த காலையில், அவர் நின்று மரியாதை ஏற்கவேண்டிய மேடையிலேயே 'இந்தியாவை விட்டுப் போ' என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்ததாம். எழுதியவனைத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.

மாசிலாமணி இன்று வந்ததும் கொஞ்சம் மண்ணெண்ணெய் கேட்டான், கை கழுவ. மண்ணெண்ணெய் கிடைக்கிற லட்சணத்தில் இதற்கெல்லாம் கொடுக்க முடியுமா? ஒரு மூடி கொடுத்தேன். பெயின்ட் வேலைக்காரன் நகக்கண்ணில் பெயின்ட் இருப்பதில் என்ன இருக்கிறது.

பி.ஏ. பரீட்சையில் எனக்கு வந்த கேள்வி: 1857 சிப்பாய்க் கலகத்தின் காரணங்களை விவரிக்க. எங்கள் வரலாற்று மிஸ் அழகாகப் பிரித்துக் கொடுத்திருந்தார். தூரக் காரணங்கள், உடனடிக் காரணம். தோட்டாவில் தடவிய கொழுப்பு உடனடிக் காரணம். ஒரு துளிக் கொழுப்புக்காகவா இவ்வளவு என்று வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். பேதை ஜனங்கள், யாரோ தூண்டிவிட்டார்கள் என்று மிஸ் முடித்தார். அதை அப்படியே எழுதி முதல் வகுப்பு வாங்கியவள் நான்.

இப்போது காரணங்கள் என் வீட்டுப் பாயில் உட்கார்ந்து ரசம் கேட்கின்றன. அதே கருவி, அதே நேரம், பக்கத்தில் உட்காரும் பதினெட்டு வயது இங்கிலீஷ் பையனுக்கு இவரைப்போலப் பல மடங்கு சம்பளம். அவன் சாப்பிடும் இடம் வேறு, தட்டு வேறு. கூப்பிடுகிற பெயர், கூலிக்குப் பிறந்தவனே. சண்டை முடிந்தது, உங்கள் சேவைக்கு நன்றி, ஊருக்குப் போய்ப் பட்டினி கிட. ஜாவாக்காரன் தன் நாட்டைத் தானே ஆளவேண்டும் என்றால் அவனை அடிக்க நம் ஆட்கள் போகவேண்டும். அந்த உத்தரவை இவர் கையாலேயே அனுப்பியிருக்கிறார். டில்லியில் ஐ.என்.ஏ. வழக்கு நடந்தபோது சாப்பாட்டு அறையில் ஸ்பூன் சத்தம் மட்டும்.

"இதுல எது அத்தான் பெரிசு?" என்று கேட்டேன். பரீட்சைப் புத்தி.

"கல்லுதான்."

"விளையாடாதீங்க."

"விளையாடல புஷ்பம். மத்ததெல்லாம் நெனச்சாத்தான் வலிக்கும். கல்லு, நெனைக்காமலே வலிக்கும்."


10 பிப்ரவரி, ஞாயிறு

பைபிளை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். கையை வையுங்கள் என்றேன். அவர் குழந்தையின் தலையில் வைத்தார்.

"கொடி பிடிக்க மாட்டேன். கமிட்டியில உக்கார மாட்டேன். முன்னால நிக்க மாட்டேன். போதுமா?"

"ஏப்ரல் வரைக்கும்."

"ஏப்ரல் வரைக்கும். பொறவு நீ சொன்னா பின்னாலயும் நிக்கமாட்டேன்."

அடுத்த அறை செய்யது பாத்து அக்கா மேலப்பாளையத்துக்காரர். புருஷனுக்குத் தாராவியில் தோல் கடை. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "ஏளா, ஆம்பளைக்கு சத்தியம் வாங்கிக்கிட்டிருக்கா பாரு. பூனைக்கு மீன் கழுவக் குடுத்தவ கணக்கா," என்று சிரித்தார். ஆட்டுப்பால் ஒரு டம்ளர் கொடுத்தார். ஹெப்சி கக்காமல் குடித்தாள்.


18 பிப்ரவரி, திங்கள்

செய்யது பாத்து அக்காவின் வீட்டுக்காரர் மத்தியானம் கடையிலிருந்து செய்தி கொண்டுவந்தார். கொலாபாவில் பையன்கள் காலைப் பருப்பைத் தொடாமல் எழுந்துவிட்டார்களாம். நல்ல சோறு கிடைக்கும்வரை வேலை இல்லையாம்.

உடனடிக் காரணம் கல்.

துணி துவைத்தேன். சாயந்தரம் திரும்பவும் அதே துணியைத் துவைத்துக்கொண்டிருந்தேன்.


19 பிப்ரவரி, செவ்வாய்

அவர் வந்து போய்விட்டார். ஹெப்சி இப்போதுதான் கண்ணை மூடினாள். அவள் விழிப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் தெருவில் ஒரே கூச்சல். ஒரு மிலிட்டரி லாரி, அதில் நம் மாலுமிகள், காங்கிரஸ் கொடியும் லீக் கொடியும் சிவப்புக் கொடியும் ஒரே கம்பில். லாரி மூக்கில் மாசிலாமணி கால்விரித்து நின்று கத்திக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "அண்ணீ! இன்னிக்குக் கரைக்கு வர எவன்கிட்டயும் பர்மிஷன் கேக்கல!" என்று கையை ஆட்டினான்.

அவர் பின்னாலிருந்து இறங்கி மேலே வந்தார். நான் இவ்வளவு நாள் குடும்பம் நடத்திய மனிதர் இல்லை. முகம் கழுவிவிட்டதுபோல இருந்தது. துறைமுகத்தில் இருக்கும் கப்பல்களில் எல்லாம் வெள்ளைக்காரன் கொடி இறங்கிவிட்டதாம். வயர்லெஸ் அறை பையன்கள் கையில்.

"கராச்சி, மெட்ராஸ், கொச்சி, எல்லாக் கப்பலுக்கும் சேதி போகணும். அடிக்க ஆள் வேணும்னு கமிட்டியில என்னையத்தான் கேட்டானுவ. முடியாதுன்னுட்டேன். நான் ஊர்வலத்துல நடக்கேன்."

ஊர்வலமா! தெரு முழுக்கப் போலீஸ். பத்திரிகைக்காரன் ஒவ்வொரு முக்கிலும் போட்டோ எடுக்கிறான். நாளைக்கே ஒரு பத்திரிகையில் இந்த முகம் வந்தால் தூத்துக்குடி வேலையும் போயிற்று, பிள்ளைக்குப் பால்மாவும் போயிற்று.

"முன்னால நிக்க மாட்டேன்னு சொன்னீங்களே."

"முன்னால இல்லட்டி. ஆயிரத்துல ஒருத்தன். யாருக்குத் தெரியும்?"

"போட்டோவுக்குத் தெரியும். அத்தான், பிள்ளையைப் பாருங்க. ஒண்ணும் செய்யாம இருக்க முடியாதுன்னா அந்த மெஷினுக்கு முன்னாலயே போய் உக்காருங்க. நாலு சுவத்துக்குள்ள உங்களை யாரு கண்டா? கம்பியில மூஞ்சியா தெரியப்போவுது?"

அவர் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கயா உக்காரச் சொல்லுத?"

"ஆமா. அங்கதான். எனக்காக."

"சரி."

ஹெப்சியைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டு இறங்கினார். லாரியில் ஏறவில்லை; டிராம் நிற்கும் பக்கம் தனியாக நடந்து போனார். ஜன்னலில் நின்று பார்த்தேன். படித்ததற்கு ஒருநாளாவது பிரயோஜனம் வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.


21 பிப்ரவரி

காலையிலிருந்து கோட்டைப் பக்கம் துப்பாக்கிச் சத்தம். மாஹிம் வரைக்கும் கேட்காது, உனக்குப் பிரமை என்கிறார் செய்யது பாத்து அக்கா. ஆனால் அவரும் தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டார்.

நல்லவேளை, என் வீட்டுக்காரர் வயர்லெஸ் அறைக்கு உள்ளே இருக்கிறார்.


22 பிப்ரவரி

ஊரடங்கு. பால் இல்லை. ஹெப்சிக்குக் காய்ச்சல். மில்லெல்லாம் மூடல். பரேல் பக்கம் ராணுவம் வண்டியில் போய்க்கொண்டே சுட்டதாம். வாசலில் நின்றவர்கள், மாடியில் துணி எடுக்க வந்தவர்கள், யார் எவர் என்று பார்க்கவில்லையாம். செய்யது பாத்து அக்காவின் ஆட்டைப் படியேற்றி எங்கள் வராந்தாவிலேயே கட்டிவிட்டோம். புழுக்கை நாற்றத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பால் மட்டும் தருகிறது, புண்ணியவதி.


23 பிப்ரவரி, சனி

முடிந்துவிட்டது. தலைவர்கள் சரணடையச் சொன்னார்கள், யாரும் பழிவாங்கப்பட மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்தார்கள். எல்லாக் கப்பலிலும் சரணடைந்த அடையாளமாகக் கறுப்புக் கொடி ஏறிற்றாம்.

அந்தக் கடைசிச் செய்தியையும் யாரோ ஒருவர்தானே அடித்திருப்பார்.


3 மார்ச், ஞாயிறு

அவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நகருக்கு வெளியே ஒரு முகாமில் பையன்களை அடைத்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் நின்ற கூர்க்கா, "இங்கே யாரும் இல்லை அம்மா," என்றான். அவன் முதுகுக்குப் பின்னால் கொடிக்கயிற்றில் வரிசையாக மாலுமிச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

விசாரணைக் குழு போட்டிருக்கிறார்களாம். கலகத்தின் காரணங்களைக் கண்டறிய. எங்கள் மிஸ் இருந்தால் ஒரே மத்தியானத்தில் முடித்துக் கொடுத்திருப்பார்.


24 மார்ச், ஞாயிறு

மாசிலாமணி வந்தான். கையில் விடுதலைச் சீட்டு. நடத்தை: மிக நன்று.

நான் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வெட்கப்பட்டு மடியில் செருகிக்கொண்டான். பிறகு மனசு பொறுக்காமல் ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்துக் காட்டினான். லாரி மூக்கில் நின்று வாயை முழுக்கத் திறந்து கத்திக்கொண்டிருப்பவன் இவன்தான். அம்மைத் தழும்பைக்கூட எண்ணலாம்.

"இத்தயே என்னாண்ட காட்னாங்கோ அண்ணி. அந்த பார்க்கின்தான் காட்னான். இது எவன்னு தெரியுமான்னு என்னியே கேக்குறான்! நான் உத்து உத்துப் பாத்துட்டு, தெரியாது சார், பஞ்சாபிக்காரன் மாதிரி கீதுன்னேன். சரி, போன்னுட்டான்."

செய்யது பாத்து அக்கா சிரிக்க ஆரம்பித்து நிறுத்தவே முடியவில்லை. நானும் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு.

"ஊர்வலத்துல போன எவனையும் அவனுங்களால கண்டுபிடிக்க முடியல அண்ணி. ஆயிரம் பேர்ல எவனைன்னு சொல்லுவான்? எல்லாம் கறுப்பு மூஞ்சி."

"உங்க அண்ணாத்தே?"

அவன் ஹெப்சியின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான். "அவரை இன்னும் வெச்சிக்கினு கீறாங்கோ. அண்ணாத்தே சொம்மா இல்லியே, வெளியவே வரல. ராப்பகலா மெஷின்லயே குந்திக்கினு இருந்தாரு. நான் எவ்ளோ கூப்ட்டேன், வா அண்ணாத்தே லாரில போலாம்னு. அண்ணிக்கு வாக்குக் குட்த்துட்டேன்டான்னாரு."

அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன். அவன் அப்படியே குடித்திருக்கிறான். டம்ளர் கழுவும்போதுதான் தெரிந்தது.


2 மே 1946
மெட்ராஸ் ரயிலில்

வண்டி ஆட்டத்தில் எழுத்து கோணுகிறது.

நேற்று அவரைப் போலீஸ் காவலோடு விக்டோரியா டெர்மினசுக்குக் கொண்டுவந்து மூன்றாம் வகுப்பில் ஏற்றினார்கள். பம்பாயில் இனி இருக்கக் கூடாது. சீட்டில், சேவையிலிருந்து நீக்கம் என்று இருக்கிறது. நடத்தை என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டிருக்கிறார்கள். உடுப்பைப் பிடுங்கிக்கொண்டார்கள், செய்யது பாத்து அக்கா வீட்டுக்காரரின் சட்டையைப் போட்டிருக்கிறார். கை முழங்கையோடு நின்றுவிடுகிறது. ஹெப்சிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அழுதாள். அவர் தூக்கி முதுகில் தட்டினார். நிறுத்திவிட்டாள்.

குண்டக்கல் தாண்டியபிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

ஒரு அறையில் மேசை. பின்னால் மூன்று அதிகாரிகள், அதில் ஒருவர் பார்க்கின். சுவர்ப்பக்கம் திரும்பி, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாட்லிங். இவருக்குத் தந்தி கற்றுக்கொடுத்த கிழட்டு வெள்ளைக்காரர். வேலைநிறுத்தம் நடந்த நாளெல்லாம் வாட்லிங் வேறொரு நிலையத்தில் உட்கார்ந்து இந்தச் செய்திகளை ஒட்டுக்கேட்டிருக்கிறார். தந்தி அடிக்கிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஒரே பத்தியைக் கொடுத்து அடிக்கச் சொன்னார்களாம். பெயர் சொல்லக் கூடாது. முகம் காட்டக் கூடாது.

"அடிக்கிற தினுசை மாத்தியிருக்கலாமே அத்தான்."

"மாத்தித்தான் அடிச்சேன். ரெண்டு வரி ஒழுங்கா வந்துச்சு. மூணாவது வரியில விரலு அது பாட்டுக்கு ஒட்டிக்கிட்டு." ஜன்னல் கம்பியில் அந்த விரலை வைத்து எடுத்துக் காட்டினார். "வாட்லிங் திரும்பவே இல்ல. சுவத்தைப் பாத்தமேனிக்கே கையைத் தூக்கிட்டாரு. எல்லாக் கப்பலுக்கும் போன சேதி இந்தக் கைதான்னாரு. பொறவு சொன்னாரு, இவனுக்கு நான் கத்துக்குடுத்த கை இது இல்ல, இந்தக் கோட்டை யாரோ ஒடச்சிருக்கான்னு."

"பார்க்கின்?"

"எங்கிட்ட வந்து விரலைப் பிடிச்சுத் திருப்பிப் பாத்தான். எப்படி ஆச்சுன்னு கேட்டான். கதவுல நசுங்கிச்சு சார்னேன். எந்தக் கதவுன்னான்." மடியில் நழுவிய ஹெப்சியை மேலே இழுத்துக்கொண்டார். "நெசமாவே தெரியலட்டி அவனுக்கு. நடிக்கல. ஞாபகமே இல்ல. கதவைப் பாத்துச் சாத்தணும்னு எனக்குப் புத்தி வேற சொன்னான்."

நான் கேட்பதற்கு இன்னொரு கேள்வி இருந்தது. அன்றைக்கு அவர் மெஷினை விட்டு ஊர்வலத்தை ஏன் கேட்டார் என்று. கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒரு ஸ்டேஷனில் இறங்கிப்போய் எனக்கு வடையும் குழந்தைக்குச் சுடுதண்ணீரும் வாங்கிவந்தார். வடையைப் பிய்த்து ஆறவைத்து என் கையில் கொடுத்தார்.

இவ்வளவு அன்பாக இருக்கவேண்டாம் என்று சொல்லத் தோன்றியது.


9 ஜூன், பாளையங்கோட்டை

தூத்துக்குடி வேலை இல்லை என்று ஆகிவிட்டது. நீக்கப்பட்டவருக்கு எப்படிக் கொடுப்பார்கள்? அப்பா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "மாப்பிள்ளை மெஷின்ல உக்காராம இருந்திருக்கலாம்," என்றார், அவ்வளவுதான். யார் உட்காரச் சொன்னார்கள் என்று அப்பா கேட்கவில்லை, நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். குழந்தையைக் குளிப்பாட்டும் நேரமாகிவிட்டிருந்தது.

ஹெப்சி நடக்க ஆரம்பித்துவிட்டாள். எடை கூடியிருக்கிறது.


நவம்பர், தேதி பார்க்கவில்லை

அவர் பஸ் கம்பெனியில் சேர்ந்திருக்கிறார். திருச்செந்தூர் தடத்தில் டிக்கெட் கிழிக்கிறார். நசுங்கிய விரலில் துளைக்கருவி வலிக்கிறதாம், இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.


15 ஆகஸ்ட் 1947, வெள்ளி

சுதந்திரம்.

காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் கொடி ஏற்றினார்கள். அவருக்கு இன்று பஸ் இல்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எங்களோடு வந்தார். வந்திருந்த பிரமுகர் ஒருமணி நேரம் பேசினார். சுதந்திரம் கிடைத்ததற்கான காரணங்களை வரிசையாகச் சொன்னார். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று விரலை மடக்கிக்கொண்டே போனார். நானும் கூடவே மனசுக்குள் மடக்கிக்கொண்டு போனேன். கப்பல் வரவில்லை. பம்பாய் வரவில்லை. பருப்பும் வரவில்லை.

மாசிலாமணி சென்னைத் துறைமுகத்தில் வேலையாயிருக்கிறான். நம்ம கொடியை நானே ஏத்தப்போறேன் அண்ணி என்று போன வாரம் கார்டு எழுதியிருந்தான். இவரும் மார்ச்சில் ஒரு மனு போட்டார். இனி நம் கப்பல், நம் கொடி, திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று. ஒழுங்கை மீறி நீக்கப்பட்டவர்களைப் பரிசீலிப்பதற்கில்லை என்று பதில் வந்தது. கையெழுத்து மட்டும் நம் ஆளுடையது.

மைதானத்தில் கொடுத்த மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். நான் அரிசி பொறுக்க உட்கார்ந்தேன். இந்த அரிசியிலும் கல் இருக்கிறது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஹெப்சி அடுக்களையிலிருந்து கரண்டியை எடுத்துவந்து கவிழ்த்துவைத்த பித்தளைத் தட்டில் தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வயதுப் பிள்ளை தட்டினால் சத்தம்தானே என்று நான் கவனிக்கவில்லை.

பிறகு கேட்டது. வரிசையாகப் புள்ளி. கொஞ்சம் நின்று, மறுபடி ஒரு புள்ளி. பிறகு நடுவில் இரண்டு கோடு. கோட்டில் கரண்டி ஒருகணம் ஒட்டிக்கொண்டு, பிறகு துள்ளி எழும்புகிறது. அவள் விரலுக்கு ஒன்றுமில்லை. தினமும் முதுகில் வாங்கியதை அப்படியே திருப்பித் தட்டுகிறாள். அவளுக்குத் தெரிந்தவரை அந்தக் கோடு அப்படித்தான்.

பாய்ந்துபோய்க் கரண்டியைப் பிடுங்கினேன். கொஞ்சம் பலமாகத்தான் பிடுங்கியிருக்கிறேன். பிள்ளை வீறிட்டாள். சுளகு கவிழ்ந்து அரிசியும் கல்லும் தரையெல்லாம் ஒன்றாகிவிட்டன.

"அடிக்காத! அப்படி அடிக்காத!" என்று நான் கத்தியது எனக்கே கேட்டது.

அவர் எழுந்து வந்தார். என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக் கரண்டியை எடுத்துப் பிள்ளை கையில் கொடுத்தார்.

"அடிக்கட்டும் விடு புஷ்பம்," என்றார். "இனிமே யாரு கேக்கப்போறா?"